சுமை குறைத்து மலையேறிய படங்கள்

2015 ஜனவரி 12 அன்று, தேசியக் கண்ணாடியிழை வலையமைப்புத் திட்டத்தில் அதிவேக இணையம் பெற்ற நாட்டின் முதல் மாவட்டம் என்று கேரளத்தின் இடுக்கி அறிவிக்கப்பட்டது. பஞ்சாயத்துக்கு வினாடிக்கு 100 மெகாபிட் என்பது அந்தத் திட்டம் நாட்டுக்குக் கொடுத்த வாக்கு. ஐந்தாண்டு கழிந்தது. 2020 ஜூன் 1 அன்று, பெருந்தொற்றால் பூட்டிக் கிடந்த பள்ளிகளுக்குப் பதிலாகக் கேரள அரசு 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் பாடங்களைத் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் தொடங்கியது. தமிழ்வழிப் பாடங்களை யூடியூபில் ஏற்றும் பொறுப்பு, அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான 'கைட்' நிறுவனத்தின் பாலக்காட்டுக் கிளைக்கு வந்தது. பாலக்காட்டில் ஏறிய தமிழ்ப் பாடம் இடுக்கியின் மூணாறு எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் இறங்க வேண்டும். இறங்கவில்லை. தமிழ்நாட்டுக்காரர் 'டவர் கிடைக்கவில்லை' என்பதை இங்கே 'ரேஞ்ச் இல்லை' என்பார்கள். சொல் எதுவானாலும் துயரம் ஒன்றுதான். ராஜமலைப் பக்கத்து மாணவர்கள் இரவிகுளம் தேசியப் பூங்காவரை பயணம் செய்து, சாலையோரத்தில் உட்கார்ந்து பாடம் படிப்பதை 2021இல் செய்தியாளர்கள் நாட்டுக்குக் காட்டினார்கள். நாட்டிலேயே முதலில் கண்ணாடியிழை வந்த மாவட்டத்தின் பிள்ளைகள் அவர்கள்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது ஏமாற்றப்பட்ட உணர்ச்சி. அது நியாயமானது. ஆனால் வரலாற்றைப் பார்ப்பவருக்கு வேறொன்றும் தென்படும். மெதுவான இணைப்பில் படம் வந்து சேர்ந்த கதையில், அகலமான பாதை எப்போதும் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து வீட்டு வாசல்வரை படத்தைக் கொண்டுசேர்த்தது சுமையைக் குறைக்கும் கலை. அந்தக் கலைக்கு ஐம்பதாண்டு வரலாறு உண்டு. வேகமான இணைப்பு பெற்ற நகரங்கள் அதை இப்போது மறந்துகொண்டிருக்கின்றன. அந்த மறதிக்கான விலையை வாளையாறு முதல் குமுளி வரை, கேரள-தமிழ்நாட்டு எல்லையோரத்து மலைகளில் வாழ்கிறவர்கள் கொடுக்கிறார்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

பாதை ஓரிடத்தில் நின்றுவிடும் என்பது இந்த மலைக்குப் புதிதல்ல. 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது, மாடுகள் இழுத்தன. 1908இல் அது நீராவி இழுக்கும் இரண்டடி அகல இரயில்பாதையாயிற்று. ஆனால் அந்த இரயில் மலையின் விளிம்போடு நின்றுவிடும். அதற்கப்பால் செங்குத்துச் சரிவு. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கயிற்றுப்பாதையில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அந்த இடத்துக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர். பிறகு வண்டியில் போடிநாயக்கனூர் போயின. இரயில் சுமக்கிற அளவு வேறு, கயிறு தாங்குகிற அளவு வேறு. ஆகவே கயிறு தாங்குகிற அளவுக்குச் சுமை பிரிந்தது. 1924 பெருவெள்ளம் அந்த இரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. மலையில் சரக்கனுப்பியவர்கள் அறிந்திருந்த ஒரு பாடம் மட்டும் இன்றும் மாறாமல் இருக்கிறது: வழியில் மிக ஒடுங்கிய இடம் எதுவோ, அதுதான் மூட்டையின் அளவைத் தீர்மானிக்கும்.

இணையப் படத்தின் மூட்டையைச் சிறிதாக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் நசீர் அகமது. பெங்களூரில் 1940இல் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஒரு படத்தை அலைகளின் கூட்டாகப் பிரித்து எழுதலாம், அப்படி எழுதினால் கண்ணுக்கு வேண்டிய செய்தி முழுக்கச் சில எண்களிலேயே குவிந்துவிடும் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. 1972இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிதாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர்கள் கருதியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். இருந்தும் விடவில்லை. தம் ஆய்வு மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். 'தனிநிலைக் கோசைன் மாற்றம்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். 1986இல் கூடிய ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு இந்தக் கணக்கை அடித்தளமாக வைத்து 1992இல் தரப்படுத்தியதுதான் இன்று எல்லாக் கைபேசியிலும் இருக்கிற 'ஜேபெக்'. யூடியூப் காணொளிகளுக்கு அடியில் ஓடுவதும் இதே குடும்பத்துக் கணக்கே. இரவிகுளத்துச் சாலையோரத்தில் ஒரு பிள்ளை பார்த்த பாடம், நிதி மறுக்கப்பட்ட அந்த யோசனையின் தோளில் ஏறித்தான் வந்தது.

ஜேபெக் செய்வது என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வாதத்தின் உயிர் அதில் இருக்கிறது. படத்தை முதலில் 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறும் வெளிச்சத்தையும் சட்டென்று மாறும் நுணுக்கத்தையும் தனித்தனி எண்களாகப் பிரிக்கிறது. நம் கண் மெதுவான மாற்றத்தை நன்றாகப் பிடிக்கும், நுண்ணிய துடிப்புகளை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஆகவே நுணுக்கத்துக்குரிய எண்கள் பெரிய எண்ணால் வகுக்கப்பட்டு, பெரும்பாலும் சுழியாகி உதிர்ந்துவிடுகின்றன. கண்ணுக்கு வெளிச்சத்தில் இருக்கும் கூர்மை நிறத்தில் இல்லை என்பதால் நிறத்தைப் பற்றிய செய்தியும் பாதியாகவோ காலாகவோ குறைக்கப்படுகிறது. எதை விட்டால் பார்க்கிறவருக்கு இழப்பு தெரியாதோ அதை மட்டும் விடுவது: இதில் பார்க்கிறவரைப் பற்றிய அக்கறை இருக்கிறது. தாங்கும் கயிற்றுக்கேற்ப மூட்டை கட்டியவர்களின் அக்கறையும் இப்படிப்பட்டதுதான்.

1995 ஆகஸ்ட் 15இல் அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது தொலைபேசிக் கம்பி வழியாகக் கிடைத்த வேகம் வினாடிக்கு 9.6 கிலோபிட் அளவில் இருந்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை போன்ற பெருநகரங்களுக்கு மட்டும்தான் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 640-க்கு 480 புள்ளிகள் உள்ள ஒரு வண்ணப்படம் சுருக்காமல் அனுப்பினால் ஒன்பது லட்சம் பைட்டுக்கு மேல். அந்தக் கம்பியில் அது வந்து முடிய ஏறக்குறைய 13 நிமிடம். அதையே ஜேபெக்காக 40 கிலோபைட்டுக்குச் சுருக்கினால் 33 வினாடி. கம்பி மாறவில்லை, மூட்டை மாறியது. எழுத்தை மட்டும் காட்டும் மலிவான கணக்குகளையும் வி.எஸ்.என்.எல். அப்போது கொடுத்தது. அதில் 'லிங்க்ஸ்' போன்ற உலாவிகளில் படமே வராது, படத்தின் இடத்தில் அதை விவரிக்கும் சொற்கள் வரும். அந்த லிங்க்ஸ் 1992இல் பிறந்த இடம் கான்சாஸ் பல்கலைக்கழகம். நசீர் அகமது பணியாற்றியது அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகம். படத்தைச் சிறிதாக்கியதும், படம் இல்லாமலே பக்கத்தைப் படிக்க வைத்ததும் ஒரே மாநிலத்துப் பிள்ளைகள் என்பது தற்செயல்தான் என்றாலும் மனசுக்குப் பிடித்த தற்செயல்.

காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க முடியாதபோது, காத்திருப்பவருக்கு ஏதாவது காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணமும் அந்தக் காலத்தில்தான் வளர்ந்தது. 1987இல் காம்பியூசர்வ் நிறுவனம் வெளியிட்ட 'கிஃப்' வடிவில் படத்தின் வரிகளை எட்டு எட்டாகத் தாண்டி அனுப்பும் வழி இருந்தது. எட்டில் ஒரு பங்கு வந்ததுமே படம் ஆளா, வீடா, மரமா என்று தெரிந்துவிடும். மீதி வரவர நடுவே இட்டு நிரப்பும். 1996இல் வந்த 'பிஎன்ஜி' இதை இன்னும் கூர்மையாக்கியது. ஏழு சுற்றில் வரும் அந்த முறையில், புள்ளிகளில் அறுபத்து நான்கில் ஒன்று மட்டும் வந்தவுடனேயே மங்கலான முழுப்படம் கண்முன் நிற்கும். ஜேபெக்கிலும் முதலில் மங்கல், பிறகு தெளிவு என்று அனுப்பும் வகை உண்டு. வாட்ஸாப்பில் படம் இறங்குவதற்கு முன் தெரிகிற அந்தக் கலங்கிய நிழல் இந்த மரபில் வந்ததுதான். 2015இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் அந்த நிழலை ஏறக்குறைய 200 பைட்டில் அடக்கினார்கள். ஜேபெக் கோப்புகளின் தலைப்பகுதி எல்லாப் படங்களுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதானே, அதை ஒவ்வொரு முறையும் ஏன் அனுப்ப வேண்டும், செயலியிலேயே வைத்துவிடலாமே என்று கண்டுகொண்டதுதான் அந்த வித்தை.

தமிழுக்கென்று இந்தக் கதையில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. தொண்ணூறுகளில் எல்லாக் கணினியிலும் தமிழ் எழுத்துரு கிடையாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியேற்றம் வைத்திருந்தார்கள். ஆகவே பல தமிழ்த் தளங்கள் தலைப்புகளையும், சிலபோது பக்கம் முழுவதையுமே படமாக்கிப் போட்டன. எழுத்தாகப் போனால் சில கிலோபைட்டில் முடிந்திருக்க வேண்டியது படமாகிப் பல மடங்கு கனத்தது. மெதுவான இணைப்பில் ஆங்கிலப் பக்கத்தைவிடத் தமிழ்ப் பக்கம் நொண்டியது இதனால்தான். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், நூல்களை ஒளிநகலாக அல்லாமல் எழுத்தாகத் தட்டச்சிட்டு வெளியிட்டதன் அருமை இங்கே விளங்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு குறியேற்றத்துக்கும் விசைப்பலகைக்கும் தரம் கண்டது. பின்னர் ஒருங்குறி எல்லாக் கருவியிலும் பரவியது. இவையெல்லாம் மொழித்தொண்டு என்று மட்டும் பேசப்படுகின்றன. இணைப்பு மெலிந்த ஊர்களுக்கு இவை செய்தது மிகப்பெரிய வேகத்தொண்டும் ஆகும். அனுப்பத் தேவையில்லாத படத்தைவிட வேகமாக வரும் படம் உலகில் கிடையாது.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் நடந்த ஒரு முயற்சி இந்த வாதத்துக்கு நல்ல உரைகல். சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' கம்பியில்லாத் தொலைபேசி, 2000-களின் தொடக்கத்தில் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் இணையத்தையும் கிராமத்துக்குக் கொண்டுபோனது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராம மையங்களில் கணினியோடு பொருத்திய சிறு காமிராவில் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்த ஒல்லியான பாதையில் போக வேண்டுமென்றால் படம் சிறிதாக இருந்தே ஆக வேண்டும். மருத்துவருக்கு வேண்டிய செய்தியும் அதில் இருந்தே ஆக வேண்டும். இதற்கு அடுத்த கட்டம் இடுக்கி மலையின் காலடியிலேயே, தேனி மாவட்டத்தில் நடந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழு, வீட்டுக்குள் குறுகிய தூரத்துக்குப் பயன்படும் வைஃபையை மாற்றியமைத்து, தேனி அரவிந்த் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் மையங்களையும் பல கிலோமீட்டர் தூரத்துக்கு இணைத்தது. மிக நீண்ட இணைப்பு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். கோபுரம் இல்லாத இடத்தில் கூரைக் கம்பத்தில் கட்டினார்கள். ஒரு ஜவுளி ஆலை வளாகத்தின் புகைபோக்கியிலும் ஒரு கருவி ஏறியது. நோயாளி கிராமத்தில், மருத்துவர் தேனியில், நடுவே நேருக்கு நேர் காணொளி.

இதுவே என் வாதத்துக்கு எதிரான சான்று என்று ஒருவர் சொல்லலாம். பாதையை அகலப்படுத்தியதால்தானே தேனியில் காணொளி ஓடியது, சுருக்கியதாலா? கேள்வி நேர்மையானது. ஆனால் அந்தப் பொறியாளர்கள் எழுதிவைத்த அனுபவத்தைப் பார்த்தால், அலைவரிசையைவிட அவர்களை வாட்டியது மின்சாரம். மின்னழுத்தம் ஏறி இறங்கிக் கருவிகள் கருகின, நினைவகம் கெட்டது. அகலமான பாதை என்பது ஒரு நாள் திறப்புவிழாவில் முடிந்துவிடுவதில்லை. மழைக்கும் மின்னலுக்கும் மின்வெட்டுக்கும் தினமும் பதில் சொல்ல வேண்டும். மலையில் இது இரட்டிப்பு உண்மை. பாதை ஒரு நாள் பாதியாகக் குறுகினாலும் வேலை நடக்க வேண்டுமென்றால் சுமையும் அதற்கேற்ப இளைக்கத் தெரிந்திருக்க வேண்டும். காணொளியே அப்படி இளைக்கத் தெரிந்த ஒன்றுதான்: அதே கோசைன் கணக்கு இல்லாவிட்டால், தேனியின் அந்த இணைப்பும் ஒரு நோயாளியின் முகத்தைக்கூட அசைவோடு காட்டியிருக்காது.

இன்னும் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. படத்தைச் சிறிதாக்குங்கள் என்று சொல்வது, டவர் தராத அரசுக்கும் நிறுவனங்களுக்கும் சாக்கு சொல்லிக் கொடுப்பதாகாதா? 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் லயங்களின்மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாததால் செய்தி வெளியே வந்தது மறுநாள் காலையில். அந்த இரவுக்கு முன்னால் எந்தச் சுருக்கக் கணக்கும் பேசத் தகாது. டவர் வேண்டும், ஒவ்வொரு எஸ்டேட்டிலும் வேண்டும், அதை உரிமையாகக் கேட்க வேண்டும். இணையம் அடிப்படை உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இலேயே ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில் சொல்லியிருக்கிறது. நான் மறுப்பது வேறொன்றை: டவர் வந்தால் எல்லாம் தீர்ந்தது என்ற நம்பிக்கையை. 2015இன் கண்ணாடியிழை பஞ்சாயத்து அலுவலகத்தோடு நின்றது. அது இந்த மலையின் பாட்டம் ஸ்டேஷன். 2023 ஜூன் 5இல் கேரள அரசு தன் சொந்த வலையமைப்பான கே-ஃபோனையும் திறந்தது. அதுவும் எங்கோ ஓரிடத்தில் நின்று, அங்கிருந்து காற்றிலும் பள்ளத்தாக்கிலும் பகிர்ந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரே டவரை மாலை ஏழு மணிக்கு இருநூறு பேர் திறக்கும்போது அகலமான பாதையும் ஒற்றையடிப் பாதைதான். பறம்பிக்குளத்தை நினைத்துப் பாருங்கள்: பாலக்காடு மாவட்டத்து ஊர், ஆனால் சாலையில் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டின் சேத்துமடை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். இத்தகைய ஊர்கள் எப்போதும் கடைசி முனையாகவே இருக்கும்.

இப்போதெல்லாம் செயலிகளே படத்தைச் சுருக்கிவிடுகின்றன, இதைப் போய்ப் பேசுவானேன் என்பது மூன்றாவது மறுப்பு. பாதி உண்மை. 2006இல் உலகெங்கும் வந்த ஓபரா மினி உலாவி, பக்கத்தைத் தன் சர்வரில் வைத்துச் சுருக்கி, பத்தில் ஒரு பங்காகக்கூட இளைக்க வைத்துக் கைபேசிக்கு அனுப்பியது. இரண்டாம் தலைமுறை இணைப்பில் இந்தியக் கிராமங்கள் இணையம் பார்த்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. 2010இல் கூகுள் 'வெப்பி' வடிவைக் கொண்டுவந்தது. 2019இல் கண்முன் வரும்போது மட்டும் படத்தை இறக்கும் வசதி குரோம் உலாவியிலேயே சேர்ந்தது. கருவிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அதே காலத்தில் ஒரு சராசரி இணையப் பக்கத்தின் எடை அரை மெகாபைட் அளவிலிருந்து இரண்டு மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. அதில் பெரும் பங்கு படங்கள். கருவி இருந்தும் எடை ஏறியதற்குக் காரணம், பக்கத்தைச் செய்பவர் வேகமான இணைப்பில் உட்கார்ந்து செய்கிறார், தன் மேசையில் சட்டென்று திறப்பதையே எல்லோருக்கும் திறப்பதாக எண்ணிக்கொள்கிறார் என்பதே. இது தொழில்நுட்பக் குறை அல்ல. பார்க்கிறவரை மறந்த குறை.

பெருந்தொற்றுக் காலத்துப் பாடக் குறிப்புகளில் இந்த மறதி நம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. பலகையிலோ நோட்டிலோ எழுதி, கைபேசியில் படமெடுத்து, வாட்ஸாப் குழுவில் அனுப்புவது வழக்கமாயிற்று. ஆசிரியர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர்களுக்குக் கிடைத்த அவகாசமும் பயிற்சியும் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பழக்கம் பள்ளி திறந்த பிறகும் போகவில்லை. அரசுச் சுற்றறிக்கைகளும் விண்ணப்பப் படிவங்களும் இன்னமும் ஒளிநகலெடுத்த படங்களாகவே பல இடங்களில் வருகின்றன. தொண்ணூறுகளில் எழுத்துரு இல்லாததால் தமிழைப் படமாக்கினோம். எழுத்துரு எல்லோர் கையிலும் இருக்கும் இன்று, பழக்கத்தால் படமாக்குகிறோம்.

ஆகவே மாணவருக்குக் குறிப்பு அனுப்புகிறவர்களுக்கும், எல்லையோரத்துப் பஞ்சாயத்துகளுக்குத் தளம் செய்து தருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுத்தாகப் போகக்கூடியதை எழுத்தாக அனுப்புங்கள். படம்தான் வேண்டும் என்றால், காமிரா கொடுத்த அளவிலேயே ஏற்றாமல் திரையின் அளவுக்குக் குறைத்து ஏற்றுங்கள். நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்தால், வாட்ஸாப் சுருக்கிய பிறகும் நூறு, நூற்றைம்பது கிலோபைட் இருக்கும். அதே பக்கம் ஒருங்குறித் தமிழில் ஐந்து கிலோபைட்டைத் தாண்டாது. 1995ஆம் ஆண்டின் அந்த 9.6 கிலோபிட் கம்பியில்கூட அது ஏறக்குறைய நான்கு வினாடியில் வந்து சேர்ந்துவிடும்.